ஒழுகல் இல்லா வளாகம்

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

கண்ணாடிக்கடைக்காரர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தார். திறந்த பானெட்டுக்குள் பாதி உடம்பு. முன்னால் இன்னும் இரண்டு வண்டிகள்தான். அவை நகர்ந்துவிட்டால் அடுத்தது இவருடையது. 'ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கவும்' என்று பாட்டிலில் போட்டிருந்தது. இன்னும் இருபது நொடி. அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரே கவிழ்ப்பு. யாருக்கும் தெரியப்போவதில்லை.

நாற்பத்தொன்று.

தோள்மேல் ஒரு கை விழுந்தது.

"யார் முன்னிலையில குலுக்குறீங்க?"

ஆய்வாளர். சட்டைப் பையில் நான்கு பேனா, கையில் அட்டை, முகத்தில் தூக்கம். அவர் பானெட்டுக்குள் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே, துடைத்து வைத்த சிமெண்ட் தரையில், பச்சை நிறத்தில் ஒரே ஒரு துளி இருந்தது.

வாகனத் தகுதி மையத்தின் வாசலிலேயே பெரிய பலகை உண்டு: 'இது ஒழுகல் இல்லா வளாகம்.' அதற்குக் கீழே, ஏழு ஆண்டுகளாக இங்கே ஒரு சொட்டுகூடத் தரையில் விழுந்ததில்லை என்ற அறிவிப்பு. வரும்போது கண்ணாடிக்கடைக்காரரும் அதைப் படித்தார். படித்துவிட்டு, நல்ல விஷயம்தானே என்று உள்ளே வந்தார். உள்ளே வர ஒரு கதவு. வெளியே போக இரண்டு. ஒன்று, தகுதி வில்லை ஒட்டிய வண்டிகள் தெருவுக்குப் போகிற பெரிய கதவு. இன்னொன்று, பின்பக்கக் காவல் கொட்டடிக்குப் போகிற சின்னக் கதவு. கொட்டடிக்குப் போன வண்டி திரும்பி வருவது பழைய இரும்பு எடைக்குத்தான்.

அவர் வண்டிக்கு வயது பதினாறு. பழைய வில்லை இன்றோடு முடிகிறது. மாலை நான்கு மணிக்குள் புதியது ஒட்டாவிட்டால் சின்னக் கதவு.

மனைவிக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், மருத்துவமனையில் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து தரும். கழற்றிவிட்ட பிறகு அவளுக்குக் கால் நிற்காது. இரண்டு தடவை பேருந்தில் வந்து பார்த்தாள். இரண்டாம் தடவை மூன்று படியை ஒரே படியாக இறங்கினாள். அன்று இரவே அவர் வண்டியின் முன் இருக்கையைக் கழற்றி, கட்டில் மாதிரி முழுசாகச் சாயும்படி மாற்றிப் பூட்டினார். அந்த இருக்கை வேறு எந்த வண்டியிலும் இல்லை. இன்று இரண்டு மணிக்கு அவளை இயந்திரத்திலிருந்து கழற்றுவார்கள்.

ஒழுகல் ஆரம்பித்தது முந்தாநாள்தான். மனைவியின் தம்பி மெக்கானிக். படுத்துப் பார்த்துவிட்டு, ஊசி முனையளவு ஓட்டை, ரேடியேட்டரையே மாற்ற வேண்டும், சாமான் வர பத்து நாள் ஆகும் என்றான். அதுவரைக்கும் ஒரு பாட்டில் அடைப்பு மருந்து ஊற்றி, சூடாக அரைமணி நேரம் ஓட்டினால் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். சொல்லிவிட்டு விரலை ஆட்டினான். "ஒண்ணுதான் மாமா. நல்லதாச்சேன்னு ரெண்டு ஊத்திடாதீங்க."

அந்த ஒரு பாட்டில் இப்போது ஆய்வாளர் கையில் இருந்தது. அவர் அதன் பின்பக்கத்தை, உயில் வாசிக்கிற வக்கீல் மாதிரி வாசித்தார்.

குலுக்கியது செல்லாது என்று முதல் தீர்ப்பு வந்தது. சாட்சியில்லாமல் குலுக்கியதைக் குலுக்கியதாக எழுத முடியாது. இரண்டாவது, மருந்து ஊற்ற வந்த வண்டி சிகிச்சையில் உள்ள வண்டி. சிகிச்சையில் உள்ள வண்டியை ஆய்வு செய்யக்கூடாது. மூன்றாவது, ஆய்வு செய்யாத வண்டி வெளியே போகக்கூடாது. நான்காவது, ஒழுகும் வண்டி வளாகத்துக்குள் நகரவே கூடாது.

"அப்ப நான் என்னதாங்க செய்யணும்?"

"அதை நான் சொல்லக்கூடாது."

கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, ஒழுகுகிறது என்று நீங்கள் சொல்வதால்தானே இவ்வளவும் என்று மெதுவாகக் கேட்டார். ஆய்வாளருக்கு வருத்தமாகிவிட்டது.

"நான் எங்க சொன்னேன்? ஒழுகுதுன்னு நான் சொல்லவே இல்ல. ஒழுகுறதா பதிவாகப் போகுதுன்னுதான் சொல்றேன்."

பதிவு செய்கிறவர் வந்தார். ஒல்லி உடம்பு, முழங்கையில் மை. இந்த மையத்தில் அவருக்குப் பெயரே 'துளிக்கணக்கு'. ஏழு ஆண்டுகளாக ஒரு துளியும் விழாத இடத்தில் துளிப் பதிவேடு வைத்திருக்கிற மனிதர். வெற்றுப் பக்கங்களை மாதாமாதம் மேலதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இன்றைக்குத் தரையைப் பார்த்ததும் அவருடைய கண்கள் கலங்கின. நான்கு பேர் தள்ளி வண்டியை ஓரத்துக் கம்பிக் கூண்டுக்குக் கொண்டுபோனார்கள். தள்ளினால் நகர்ந்ததாகாதா என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார். நகர்த்தப்பட்டது வேறு, நகர்ந்தது வேறு என்றார்கள். கூண்டுக்குள் வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் வண்டியை நிறுத்தி, வெளியே பூட்டுப் போட்டார்கள். உள்ளே வண்டி, அவர், சுவரோரம் 'தீ' என்று எழுதிய இரண்டு சிவப்பு வாளிகள். இரண்டும் காலி.

துளிக்கணக்கு மண்டியிட்டு, தாளில் விழுந்த ஒவ்வொரு துளியைச் சுற்றியும் பென்சிலால் வட்டம் போட்டு எண் எழுதினார். ஒன்று. இரண்டு. மூன்று.

பாட்டிலில் 'சிறு ஒழுகல்களுக்கு மட்டும்' என்று இருந்ததால் எது சிறியது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. துளியின் குறுக்களவை ஸ்கேலால் அளந்தார்கள். தரையில் விழுந்தால் பரவிவிடுகிறது, விழும் முன்பே அளக்க வேண்டும் என்றார் ஆய்வாளர். தொங்குகிற துளியை அளக்கப் போய் துளிக்கணக்கின் மூக்குமேல் எண் பதினொன்று விழுந்தது. அதைத் தாளில் சேர்ப்பதா வேண்டாமா என்று தனியாக ஒரு பேச்சு. கடைசியில் 'சிறுமைச் சான்று' என்று ஒரு காகிதம் வந்தது. வண்டியின் ஒழுகல் சிறியது, அதன் உரிமையாளரும் அதை ஒப்புக்கொள்கிறார். கண்ணாடிக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது என்ஜின். மருந்து வேலை செய்ய என்ஜின் பதினைந்து நிமிடம் ஓடவேண்டும், ஹீட்டர் முழுசாகத் திறந்திருக்கவேண்டும் என்றது பாட்டில். வளாகத்துக்குள் நின்றபடி என்ஜினை ஓடவிடக்கூடாது என்றது விதி. விதிக்கும் பாட்டிலுக்கும் நடுவே தீர்ப்பு சொல்லக்கூடிய ஒரே ஆள் இயக்குநர்.

இயக்குநர் அறை முகப்பிலேயே இருந்தது. வெளியே கூரைக்கடியில் அவருடைய நீளமான சாம்பல் நிற வண்டி. அதன் கண்ணாடியில் 'ஒழுகல் இல்லா வாகனம், எண் 1' என்ற வில்லை. வண்டியை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு பூந்தொட்டிகள். பன்னிரண்டிலும் செடி மஞ்சளாகித் தலை தொங்கியிருந்தது. இயக்குநரின் டிரைவர் தொட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பு வைத்திருந்தார். அவருடைய கால்சட்டை முழங்காலில் ஈரமாக இருந்தது.

இயக்குநர் கூண்டுவரைக்கும் நடந்து வந்தார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் மாட்டிக்கொள்ளக்கூடாது. கண்ணாடிக்கடைக்காரரின் கதையை முழுக்கக் கேட்டார். மனைவியைப் பற்றிக் கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் என்ஜினை ஓட்ட அனுமதி தந்தார். ஒரே நிபந்தனையோடு.

"ஒரு பாட்டில் போதுமான்னு எனக்கு மனசு கேக்கல. உங்க வீட்டம்மா உயிர் விஷயம். மூணா ஊத்துங்க."

மெக்கானிக் ஒன்றுக்குமேல் கூடாது என்று சொன்னதைக் கண்ணாடிக்கடைக்காரர் எடுத்துச் சொன்னார். இயக்குநர் சிரித்தார். மெக்கானிக் ஒரு வண்டியைப் பார்க்கிறவன், நாங்கள் ஒரு ஊரையே பார்க்கிறோம் என்றார். மையத்தின் அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில் வந்தது. மூன்றையும் சாட்சிகள் முன்னிலையில் மூன்று நிமிடம் குலுக்கினார்கள். துளிக்கணக்கு எண்ணினார். ஊற்றினார்கள்.

என்ஜின் ஓடியது. ஓடுகிற வண்டியில் ஆள் இருந்தாக வேண்டும் என்பதால் கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே உட்கார்ந்தார். ஹீட்டர் முழுசு. ஜன்னலைப் பற்றிப் பாட்டிலில் எதுவும் எழுதவில்லை. எழுதாததைச் செய்யக்கூடாது என்பதால் ஜன்னலைத் திறக்கவில்லை. வெளியே உச்சி வெயில். உள்ளே அடுப்பு. ஐந்தாவது நிமிடத்தில் சட்டை உடம்போடு ஒட்டியது. ஏழாவது நிமிடத்தில் போன் அடித்தது. மனைவி. ஒரு கை இயந்திரத்தில், ஒரு கை போனில்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"வண்டிக்குள்ள."

"வண்டி எங்க இருக்கு?"

"கூண்டுக்குள்ள."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஹீட்டர் போட்டிருக்கேன்."



"இந்த வெயில்லயா?"

"பாட்டில்ல போட்டிருக்கும்மா."

"பாட்டில்ல போட்டிருந்தா கிணத்துல குதிப்பீங்களா?"

"அதுக்கு இயக்குநர் கையெழுத்து வேணும்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு மணிக்குக் கழற்றிவிடுவார்கள், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், வாடகை வண்டியில் உட்காரச் சொல்லாதீர்கள், நேராக உட்கார்ந்தால் தலை சுற்றும் என்றாள். வைக்கும் முன்னால் குரல் இறங்கியது. "வண்டியை விட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க. வேற எதுலயும் என்னால முடியாது."

பன்னிரண்டாவது நிமிடத்தில் அவர் சூட்டு முள்ளைப் பார்த்தார். அது நடுவைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. என்ஜினை அணைக்கக் கை போயிற்று. இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்று ஆய்வாளர் கண்ணாடியைத் தட்டிக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அந்த மூன்று நிமிடத்துக்குப் பிறகுதான் கதவு திறந்தது. கீழே துளி எண் முப்பத்தாறு விழுந்தது. முன்பு பச்சையாக இருந்த துளி இப்போது பழுப்பாக, கெட்டியாக, கஞ்சி மாதிரி விழுந்தது. ஆனாலும் விழுந்தது.

மணி ஒன்று. உணவு இடைவேளை. இரண்டு மணிக்குப் புதுத்தாள் விரிக்கப்படும், அரைமணி நேரம் ஒரு துளிகூட விழாமல் இருந்தால் வில்லை, விழுந்தால் கொட்டடி என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். வெளியே பூட்டிவிட்டுத்தான் போனார்.

கண்ணாடிக்கடைக்காரர் மச்சினனைக் கூப்பிட்டார்.

"எத்தனை ஊத்துனீங்க மாமா?"

"மூணு."

"மூணா? வீடு கட்டவா? உள்ள இருக்கிற சின்னக் குழாயெல்லாம் அடைச்சுக் களி கிண்டி வெச்சிருப்பீங்க. அதோட ஓட்டுனா கொட்டடி வரைக்கும்கூடப் போகாது."

அப்புறம் அவன் மூன்று வாக்கியம் சொன்னான். முதலாவது, நாற்பது நிமிடம் எதையும் தொடாமல் ஆறவிட வேண்டும், இல்லையென்றால் கை வெந்துவிடும். மற்ற இரண்டையும் கண்ணாடிக்கடைக்காரர் கேட்டுக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்து, சரி என்று மட்டும் சொன்னார்.

நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். அதன் பின் வந்த இருபது நிமிடம் பற்றி எந்தப் பதிவேட்டிலும் எதுவும் இல்லை.

இரண்டு மணிக்கு எல்லோரும் ஏப்பத்தோடு திரும்பி வந்தார்கள். புதுத்தாள் விரித்தார்கள். துளிக்கணக்கு பென்சிலைச் சீவிக்கொண்டு தாளருகே படுத்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தாள் வெள்ளையாகவே இருந்தது. இருபதாவது நிமிடத்தில் அவர் ரேடியேட்டரின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அவர் முகமும்.

"முப்பத்தாறோட நின்னுடுச்சு," என்றார், வீட்டில் யாரோ போய்விட்டது மாதிரி.

அரைமணி முடிந்தது. ஆனாலும் நான்கு மணிக்குள் வில்லை என்பதில் அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. செய்தி இயக்குநரிடம் போனது. மையத்தின் மூன்று பாட்டில் முறை வெற்றி பெற்றது என்று ஊழியர்களைக் கூட்டிவிட்டார்கள். ஒலிபெருக்கி கட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. மருத்துவமனை பெஞ்சிலிருந்து நான்கு தடவை போன் வந்தது. நாலாவது தடவை மூச்சு மட்டும் கேட்டது.

இயக்குநர் கூண்டு வாசலில் நின்று பேசினார்.

"மத்த இடத்துல எல்லாம் வண்டி நல்லா இருக்கான்னு பாக்குறாங்க. நாம அந்தத் தப்பைச் செய்யறதில்ல. நம்ம வளாகத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கான்னு பாக்குறோம். கதவுக்கு வெளிய என்ன ஆகுதுங்கறது வேற இலாகா. அவங்க வேலையில நாம தலையிடக்கூடாது."

கைதட்டினார்கள். பிறகு அவர் தன் வண்டியைக் காட்டினார். பதினோரு வருடமாக அந்தக் கூரைக்கடியில் நிற்கிறது, ஒரு சொட்டு உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். ஒரே ஒரு குறைதான், அந்தச் செடிகள். மாதத்துக்கு ஒரு தடவை மாற்றியும் பட்டுப்போகின்றன, மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். அப்போதுதான் அவர் பார்வை கூண்டுக்குள் போயிற்று.

"அட, தீ வாளி. வருஷா வருஷம் தணிக்கையில வாளி காலின்னு எழுதிட்டுப் போறாங்க. இப்ப பாருங்க, ரெண்டுலயும் தண்ணி. பச்சையும் பழுப்புமா, கெட்டியா பாசிகூடப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா நிரம்பியே இருந்திருக்குன்னு இதைவிட என்ன சாட்சி வேணும்? எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சோதனை, என்ஜினின் சூடு. இரண்டு நிமிடம் ஓடவிட்டார்கள். மதியம் நடுவைத் தாண்டிய முள் இப்போது அடியிலேயே கிடந்தது, அசையவே இல்லை. இவ்வளவு குளிர்ச்சியான என்ஜினை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார் ஆய்வாளர். மூன்று ஐம்பதுக்கு வில்லை ஒட்டினார்கள். ஒழுகல் இல்லா வாகனம், எண் நானூற்றுப் பன்னிரண்டு.

பெரிய கதவுக்குப் போகிற வழியில் இயக்குநரின் டிரைவர் நின்றிருந்தார். அவர் வில்லையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து, கண்ணாடிக்கடைக்காரரின் முழங்காலைப் பார்த்தார். அது ஈரமாக இருந்தது. டிரைவர் கதவுக்கு வெளியே இடதுபக்கம் கை காட்டினார்.

நான்கரைக்கு வண்டி மருத்துவமனை வாசலில் நின்றது. மனைவி பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாள். அவர் கையைப் பிடித்து எழுப்பி, மெதுவாக நடத்தி வந்து, சாய்ந்த இருக்கையில் படுக்கவைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஒழுகல் நின்னுடுச்சா?"

அவர் கீழே இறங்கிக் குனிந்து பார்த்தார். தரையில் ஒரு துளி விழுந்தது. செருப்பு நுனியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இல்லம்மா. ஒழுகுறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லாம பண்ணிட்டேன்."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். அவர் சொன்னார். தம்பி சொன்ன மிச்ச இரண்டு வாக்கியங்களையும் சொன்னார்: ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற திருகைக் கையாலேயே கழற்றலாம், களியோடு மொத்தத்தையும் இறக்கிவிட்டால் வண்டியும் பிழைக்கும், தாளும் வெள்ளையாக இருக்கும். தண்ணியே இல்லாவிட்டால் முள்ளுக்கும் சூடு தெரியாது. பிடிக்கப் பாத்திரம் இல்லாமல் தவித்ததையும், சுவரோரம் இரண்டு சிவப்பு வாளி நின்றதையும் சொன்னார்.

"அந்தக் காலி வண்டியையா இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தீங்க?"

"கதவுக்கு வெளிய இடதுபக்கம் ஒரு குழாய் இருக்கு. அங்க நிறுத்தி நல்ல தண்ணி ரொப்பிக்கிட்டேன். எனக்கு முன்னாடியே அங்க ஆறு வண்டி வரிசையில நின்னுச்சு. ஆறும் வில்லை ஒட்டின வண்டி. வாளியைக் கைமாத்திக் கைமாத்திக் குடுத்துக்கிறாங்க. கடைசியா சாம்பல் கலர்ல ஒரு நீள வண்டி வந்து எனக்குப் பின்னாடி நின்னுச்சு."

"யாரு வண்டி?"

"இயக்குநர் வண்டி. அவரை வேற வண்டியில மீட்டிங்குக்கு ஏத்தி அனுப்பிட்டு, டிரைவர் தினமும் இந்த நேரத்துக்குத்தான் வருவாராம். தண்ணி ஊத்திக்கிட்டே என்னைக் கேட்டாரு, எதுல இறக்குனீங்கன்னு. தீ வாளியிலன்னு சொன்னேன். நல்ல யோசனைன்னாரு."

அவர் என்ஜினைத் திருகினார். முள் நடுவுக்கு வந்து ஒழுங்காக நின்றது.

"பதினோரு வருஷமா அவரு பூந்தொட்டியிலதான் இறக்குறாராம்."